எச்சமும் சேஷியும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் கேரளம் முடிகிற இடம் மீனாட்சிபுரம். 1981இல் மதமாற்றச் செய்தியால் நாடறிந்த மீனாட்சிபுரம் வேறு, அது தென்காசிப் பக்கம். சித்தூர் வட்டத்தின் இந்த ஓரத்தில் வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது இங்கே யாருக்கும் அதிசயமில்லை. ஆனால் கையோ காலோ கண்ணோ மனமோ மற்றவர்களுக்குப் போல் இயங்காத ஒருவரை என்ன சொல்லிக் குறிப்பது என்று வந்துவிட்டால் இரண்டு போதவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் அரசுத் தாளில் பின்னசேஷிக்காரர். அந்தப் பக்கம் மாற்றுத்திறனாளி. டெல்லியிலிருந்து வரும் தாளில் திவ்யாங்ஜன். பஸ்ஸில் ‘ஹேண்டிகேப் பாஸ்’. வீட்டில் இவற்றில் ஒன்றுகூடப் புழங்குவதில்லை.

மலையாளச் சொல்லிலிருந்து தொடங்கலாம். கேரள அரசு நெடுங்காலம் ‘விகலாங்கர்’ என்றுதான் எழுதிவந்தது. அங்கத்தில் விகலம், அதாவது குறை. அதை விட்டுவிட்டு வந்தது பின்னசேஷி. பின்னம் என்றால் வேறுபட்டது, சேஷி என்றால் திறன். வேறு விதமான திறன் உடையவர். மலையாளக் காதுக்கு இது மரியாதையான சொல். தமிழ்க் காதுக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. நமக்குப் பின்னம் என்றால் முழு எண் அல்லாதது, அல்லது உடைந்தது. கை உடைந்த சிலையைப் பின்னமாகிவிட்டது என்று கருவறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வடமொழியில் பின்ன என்பதற்குப் பிளந்தது என்பதுதான் முதற்பொருள், வேறானது என்பது அதிலிருந்து கிளைத்தது. மலையாளம் கிளையைப் பிடித்துக்கொண்டது, தமிழ் வேரைப் பிடித்துக்கொண்டது. அதனால் மீனாட்சிபுரத்துத் தமிழ்த் தாய் ஒருத்தி அந்தப் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தால், அவள் காதில் விழக்கூடியது ‘உடைந்த’ என்பதுதான்.

சேஷியின் கதை இதைவிடச் சுவையானது. மலையாளத்தில் ‘சேஷிக்குக’ என்றால் மிஞ்சுதல். சேஷம் என்றால் நமக்கும் மிச்சம்தான். மிஞ்சி நிற்பதே ஒருவனுடைய பலம் என்ற எண்ணத்தில்தான் அந்தச் சொல் திறன் என்ற பொருளுக்கு வந்திருக்க வேண்டும். சேஷத்துக்கு நேரான தமிழ்ச் சொல் எச்சம். அந்த எச்சமோ, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இதே மக்களுக்குப் பெயராக இருந்தது.

புறநானூற்றின் 28ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது. எட்டு வகைக் குறையோடு பிறப்பவர்களை அதில் ஒரு பட்டியலாகத் தருகிறார். எண்பேர் எச்சம் என்பது அதற்குப் பெயர். பார்வை இல்லாதவர், பேச்சும் செவியும் இல்லாதவர், முதுகு கூனியவர், மனம் மயங்கியவர் எல்லாரும் அதில் உண்டு. புலவர் இவர்களைப் போற்றிப் பாடவில்லை. இப்படிப் பிறப்பதில் பயனில்லை என்று முன்னோர் சொன்னதை எடுத்துக்காட்டி, குறையின்றிப் பிறந்த நீ அறம் பொருள் இன்பத்தை ஒழுங்காகப் பார் என்று அரசனுக்குச் சொல்கிறார். அதை மறைத்துவிட்டுப் பழந்தமிழர் பெருமை பேசுவது நேர்மையாகாது.

பட்டியல் என்ற அளவில் மட்டும் ஒரு சங்கதி இருக்கிறது. அதில் ‘குறள்’ உண்டு, உயரம் வளராதவர். இந்திய நாடாளுமன்றம் 1995இல் இயற்றிய சட்டம் ஏழு வகைகளைத்தான் கணக்கில் எடுத்தது; உயரக் குறைவு அதில் தனி வகையாக இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஏழு வகைகளை 21 ஆக்கியபோதுதான் அது உள்ளே வந்தது. சாத்தனாரின் கணக்கில் முன்பே இருந்தவருக்குச் சான்றிதழ் கிடைக்க அத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

எச்சம் என்ற சொல் வேறொரு வீட்டிலும் குடியிருக்கிறது, இலக்கணத்தில். வந்த, போன, படித்த என்பவை பெயரெச்சம். வந்து, போய், படித்து என்பவை வினையெச்சம். தம்மளவில் முடியாமல் இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பவை. எச்சங்களை எடுத்துவிட்டால் தமிழில் ஒரு பத்திகூட எழுத முடியாது. இலக்கணக்காரர் அவற்றைக் குறைச்சொற்கள் என்று ஒதுக்கவில்லை, எதைக் கொண்டு முடியும் என்றுதான் கேட்டார்கள்.

இலக்கணத்தை இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம், வீட்டுப் பேச்சு. மீனாட்சிபுரத்துப் பக்கம் மலையாள வீட்டில் ‘வய்யாத்த குட்டி’ என்பார்கள். தமிழ் வீட்டில் ‘சுகமில்லாத பிள்ளை’, ‘முடியாத பிள்ளை’, ‘வாய் பேசாத பொண்ணு’. மலையாளத்தில் ‘எனிக்கு வய்யா’ என்றால் என்னால் இயலாது என்றும் பொருள், உடம்பு சரியில்லை என்றும் பொருள். தமிழில் ‘முடியலை’ என்பதும் அப்படியே இரண்டுக்கும் பொது. நோயையும் இயலாமையையும் இந்த இரண்டு மொழிகளும் பிரித்துப் பார்க்காததால், காது கேளாத பிள்ளையை ‘எப்போது குணமாகும்’ என்று வைத்தியத்துக்கு அலைக்கழிப்பது எத்தனையோ குடும்பங்களில் நடந்திருக்கிறது. ஆனால் இலக்கணத்தைப் பாருங்கள். வய்யாத்த, முடியாத, பேசாத எல்லாமே எதிர்மறைப் பெயரெச்சம். தனியே நிற்காது. பின்னால் பிள்ளை என்றோ பொண்ணு என்றோ ஓர் உறவுப்பெயர் வந்தே தீரவேண்டும்.

அரசு கொடுக்கும் பெயர்கள் அப்படியல்ல. ஊனமுற்றோர், விகலாங்கர், மாற்றுத்திறனாளி எல்லாம் தாமே முடிந்துவிடும் பெயர்கள். ஊனம் வடமொழி, ‘ஊன’ என்றால் ஒன்று குறைந்தது. இருபதில் ஒன்று குறைந்த பத்தொன்பதை ஏகோனவிம்சதி என்று எண்ணுகிறார்களே, அதில் ஒளிந்திருப்பதும் இந்த ஊனம்தான். அதற்கும் தசையைக் குறிக்கும் நம் ஊனுக்கும் உறவில்லை. தமிழ்நாட்டில் 2010 வாக்கில், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, துறையின் பெயரிலிருந்தே இது நீங்கி மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆனது. செய்தித்தாளும் டிவியும் வியக்கத்தக்க வேகத்தில் கூடவே மாறின. அரசு எடுத்துக்கொண்டு பொதுவழக்கில் நிலைத்த தமிழ்ச் சொற்கள் மிகக் குறைவு, மாற்றுத்திறனாளி அதில் ஒன்று.

ஆனாலும் அந்தச் சொல்லில் எனக்கொரு குறை உண்டு. பார்வையில்லாத ஒருவரிடம் ‘உங்கள் மாற்றுத் திறன் என்ன, பாடுவீர்களா’ என்று கேட்க இந்தப் பெயர் இடம்கொடுத்துவிடுகிறது. அவருக்கு வேண்டியது பேசும் மென்பொருளும் ஏறத்தக்க பஸ்ஸும். 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் முன்வைத்த ‘திவ்யாங்’, தெய்வீக அங்கம் உடையவர், இன்னும் ஒரு படி மேலே தூக்கிவிட்டது. மேலே தூக்கப்பட்டவருக்குச் சாய்தளம் எதற்கு?

ஹேண்டிகேப்பை மட்டும் தொப்பியேந்திப் பிச்சையெடுப்பது என்று விளக்கி வெறுக்கச் சொல்கிறார்கள். அந்த விளக்கம் கட்டுக்கதை. தொப்பிக்குள் கைவிட்டு ஆடிய ஒரு பண்டமாற்றுப் பந்தயத்தின் பெயர் அது. அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போய், வேகமான குதிரைமேல் வெளியாள் ஏற்றும் சுமையைக் குறித்தது. உடலுக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். பிறர் ஏற்றிய சுமை என்ற பொருளில் பார்த்தால், அத்தனை பெயர்களிலும் உண்மைக்குக் கிட்டத்தில் நிற்பது இந்த வெறுக்கப்பட்ட பெயர்தான் என்று சில நேரம் தோன்றும்.

மனிதரின் பெயரோடு நிறுவனத்தின் பெயரையும் பார்க்கவேண்டும். கேரளப் பஞ்சாயத்துகள் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்போடு சேர்ந்து அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென நடத்தும் பள்ளி ‘பட்ஸ்’. முதல் பள்ளி 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூரில் தொடங்கியது. எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லி பாதித்த காசர்கோட்டில் பல எழுந்தன. நகரத்துத் தொண்டு நிறுவனத்தைத் தேடிப் போகவேண்டியதை உள்ளூர்ப் பஞ்சாயத்தின் வேலையாக்கியது பெரிய காரியம். பட்ஸ் என்றால் மொட்டுகள். பதினெட்டு தாண்டியவர்களுக்கு நடத்தும் மையத்துக்கும் பெயர் பட்ஸ்தான். முப்பத்தைந்து வயதில் மீசை நரைத்தவரும் மொட்டு! வீட்டில் ‘பிள்ளை’ விடாமல் பின்னால் வருவதுபோலவே. அந்த உறவுப்பெயர் ஆளைத் தனியே விடாமல் பிடித்துக்கொள்கிறது, பெரியவனாகவும் விடுவதில்லை.

இடுக்கியில் இதற்கு ஒரு மாற்று கிடைத்தது. மூணாறு எஸ்டேட் தொழிலாளர் பெரும்பாலும் தமிழர்கள், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறையாக வாழ்பவர்கள். அப்பாவும் அம்மாவும் கொழுந்து எடுக்கக் கிளம்பிவிட்டால் நடக்கவோ பேசவோ முடியாத பிள்ளை லயத்துக்குள் தனி. 1991இல் டாடா தேயிலை நிறுவனத்தின் ஆதரவில் தொடங்கிய ஸ்ருஷ்டி என்ற அமைப்பு இந்தப் பிள்ளைகளுக்கு ‘டேர்’ என்ற பள்ளியை நடத்தியது. பள்ளி முடிந்ததும் என்ன என்ற கேள்விக்குப் பதிலாக வேலைக்கூடங்கள் வந்தன: கையால் காகிதம் செய்ய அதுல்யா, இலையிலும் பட்டையிலும் தேயிலைக் கழிவிலும் சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்ற ஆரண்யா, ஜாமுக்கு நிசர்கா. ஒப்பற்றது, காடு, இயற்கை என்று பொருள் ஆகுமே தவிர, எந்தப் பெயரிலும் குறையும் இல்லை திறனும் இல்லை. ஆரண்யாவில் வேலை செய்பவர் சம்பளம் வாங்குகிறார், ‘சாயம் போடுற ஆள்’ ஆகிறார்.

நிறுவனப் பெயர்களில் இன்னொன்று, தென்காசிக்கருகில் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. ஐ.நா. அந்த ஆண்டைத்தான் ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. ‘அமர்’ என்பது அமரத்துவமும் அல்ல, உட்கார் என்ற தமிழ் ஏவலும் அல்ல. தனக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை அவர் வைத்தார். ஊர்க்காரர்கள் அதைத் தமிழாகவே கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இத்தனை பெயர் தேடியவர்கள் ஒருவருக்குப் பெயர் வைக்க மறந்தார்கள்: பார்த்துக்கொள்பவர். தமிழில் ‘யார் பாத்துக்கறா’ என்கிறோம், மலையாளத்தில் ‘ஆரு நோக்கும்’. இரண்டும் கண்ணின் வேலை. ஆனால் அந்த வேலை செய்பவளுக்குப் பெயர்ச்சொல் இல்லை, அம்மா என்பதோடு சரி. தமிழ்நாட்டில் போராடிவரும் ஒரு சங்கம் தன் பெயரிலேயே ‘அனைத்துவகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர்’ என்று சேர்த்துக்கொண்டிருக்கிறது. பெயர் நீளம்தான், ஆனால் ‘மற்றும்’ அங்கே வேலை செய்கிறது.

கேரளத்தில் அவளுக்கென்றே ஒரு திட்டம் உண்டு, ஆஸ்வாசகிரணம். படுக்கையில் கிடப்பவரை முழுநேரம் கவனிப்பதால் கூலிக்குப் போகமுடியாதவருக்கு மாதம் 600 ரூபாய். ஆசுவாசம் தமிழிலும் உண்டு, மூச்சை இழுத்துவிட்டு உட்காருவது. 600 ரூபாய்க்கு எவ்வளவு மூச்சு வாங்கலாம் என்பது வேறு, அதிலும் நிலுவை விழுவது செய்தியாகிக்கொண்டே இருக்கிறது. என்றாலும் நோயாளியின் பெயரில் இல்லாமல் கவனிப்பவர் பெயரில் பணம் போடும் எண்ணம் நல்ல எண்ணம்.

அவளுக்குச் சட்டம் தரும் பெயர் காப்பாளர். பேச்சில் ‘லீகல் கார்டியன்’. அறிவுவளர்ச்சிக் குறைவோ மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உள்ள மகனுக்குப் பதினெட்டு முடிந்த நாளிலிருந்து தாய்க்கு அந்தப் பெயர் தானாக வராது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனுப்போட்டு வாங்க வேண்டும். மீனாட்சிபுரத்துக்காரர் அதற்குப் பாலக்காடு போகவேண்டும். பொள்ளாச்சி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு மாநிலம்.