மூடிய தோலும் ஈர மாதங்களும்: குமரி மாவட்டத்தில் பெரியோர் டயப்பர்ப் பயன்பாடும் ஈஸ்ட் தொற்றுத் தடுப்பும்

சிறுநீரையோ மலத்தையோ அடக்கும் ஆற்றல் குன்றிய முதியோருக்கும், பக்கவாதத்தாலோ முதுகுத்தண்டுக் காயத்தாலோ படுக்கையில் கிடப்போருக்கும் டயப்பர் அணிவிப்பது இன்று குமரி மாவட்டத்து வீடுகளில் இயல்பான பராமரிப்பு முறைகளுள் ஒன்றாகிவிட்டது. அதனோடு தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் புட்டத்திலும் எரிச்சல், தோல் உரிதல், ஈஸ்ட் பூஞ்சைத் தொற்று ஆகியவையும் வந்து சேர்கின்றன. இவற்றுக்கு இருவகை விளக்கங்கள் வழங்கிவருகின்றன. டயப்பரே குற்றவாளி, பழைய பருத்தி வேட்டித் துணியே உடம்புக்கு உகந்தது என்பது ஒன்று. தக்க களிம்பைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு, இரண்டும் போதாதவை. தோல் எவ்வளவு நேரம் ஈரத்தோடு மூடிக்கிடக்கிறது என்பதே நோயைத் தீர்மானிக்கிறது என்றும், அந்த நேரத்தை நீட்டுவன பெரும்பாலும் வீட்டின் பணநிலையும் ஆள்பலக் குறைவும் மழைக்காலமுமே என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

முதலில் நோய் தோன்றும் முறையைக் காண்போம். தோலின் மேலடுக்கு இறந்த அணுக்களாலும் அவற்றிடையே உள்ள கொழுப்பாலும் ஆனது. அதன் மேற்பரப்பு இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறும்போது இவ்வடுக்கு உப்பி, உராய்வைத் தாங்கும் வலுவை இழக்கிறது. படுத்தவரைப் புரட்டும்போது விரிப்பில் உரசுவதே அதைக் கிழிக்கப் போதுமானதாகிறது. சிறுநீர் மட்டும் இருக்கும்போது சேதம் மெதுவாகவே நிகழும். மலம் கலந்துவிட்டால் நிலை மாறுகிறது. மலத்திலுள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்னும் நொதி, சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை வெளிவிடுகிறது; அம்மோனியா தோலின் அமிலத்தன்மையை அழித்துக் காரத்தன்மையை ஏற்றுகிறது; அந்தக் காரச் சூழலில் மலத்திலுள்ள, புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் மேலும் ஊக்கம் பெற்றுத் தோலையே செரிக்கத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கு கண்ட நோயாளிக்கு ஒரே இரவில் தோல் வெந்துபோவதன் காரணம் இதுவே. செவிலியல் துறை இதனை அடங்காமைசார் தோலழற்சி என்று தனிநோயாகப் பிரித்தறிகிறது. மிக்கெல் கிரேயும் உடனாய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஒருமித்த கருத்துரைக்குப் பின் இப்பெயர் உலகெங்கும் நிலைபெற்றது.

ஈஸ்ட் தொற்று இவ்வழற்சியின் மேல் வந்தமரும் இரண்டாம் கட்டம். கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை வெளியிலிருந்து படையெடுக்கும் கிருமியன்று. நலமுள்ள பலரின் குடலிலும் வாயிலும் தீங்கின்றி வாழ்வது. உருண்டை அணுக்களாக இருக்கும்வரை அது பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். உடல் வெப்பமும் அமிலத்தன்மை நீங்கிய சூழலும் வாய்த்தால் நீண்ட இழைகளாக உருமாறித் திசுவுக்குள் ஊடுருவும். நனைந்த டயப்பரின் உட்புறம் இவ்விரு நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றித் தருகிறது. ஆகவே பூஞ்சையை ஒழிப்பதைவிட அதற்கு இடங்கொடாமல் இருப்பதே தடுப்பின் பொருள்.

கண்டறிவதில் ஒரு சிக்கல் உள்ளது. கெண்ட் பல்கலைக்கழகத்தின் முன்முயற்சியில் 2017இல் உருவான, அடங்காமைசார் தோலழற்சியின் உலகளாவிய வகைப்பாடு, தோல் சிவந்திருப்பதையே முதல் நிலையின் அடையாளமாகக் கொள்கிறது. எனினும் கருநிறத் தோலில் அது சிவப்பாகத் தோன்றாது, சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா சாயலுடனோ தெரியலாம் என்ற குறிப்பையும் அது தருகிறது. குமரி மாவட்டத்து நோயாளிகளுக்கு இக்குறிப்பே முதன்மையானது. சிவப்பைத் தேடும் கண்ணுக்கு நோய் பல நாட்கள் தப்பிவிடும். எரிச்சல், தொட்டால் சூடு, தோல் மினுமினுப்பு ஆகியவற்றைக் கேட்டும் தொட்டும் அறிவதே நம்பத்தக்கது. ஈஸ்ட் சேர்ந்துவிட்டதற்கான அடையாளம், மடிப்பின் ஆழத்திலேயே தொடங்கும் ஈரப்புண்ணும், அதன் எல்லைக்கு வெளியே சிதறிக் காணப்படும் சிறு கொப்புளங்களும் ஆகும். வளையமாகப் படர்ந்து ஓரம் உயர்ந்து நிற்பது படர்தாமரை. எலும்பு புடைத்த இடத்தில் ஆழமாகக் குழிவது படுக்கைப் புண். மூன்றுக்கும் மருத்துவம் வேறு. ஐயம் இருந்தால் தோலைச் சுரண்டியெடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

பருத்தித் துணிக்குத் திரும்புவதே தீர்வு என்ற கருத்தை இம்மாவட்டத்தின் வானிலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்வதால் ஜூன் தொடங்கி டிசம்பர்வரை துணி உலர்வதே பெரும்பாடாகிவிடுகிறது. வெயில் காயும் மாதங்களில் துவைத்து உலர்த்திய மெல்லிய பருத்தித் துணி தோலுக்கு நல்லதென்பதில் ஐயமில்லை. ஆனால் முழுதும் உலராத துவர்த்தை (துண்டை) மடித்துத் தொடையிடுக்கில் வைப்பது, நனைந்த டயப்பரை விட்டுவைப்பதற்கு ஒப்பானது. சில வகையில் அதைவிடத் தீயது. ஏனெனில் துணி ஈரத்தைத் தோலின்மேலேயே தாங்கி நிற்கும். தற்கால டயப்பரின் உள்ளே உள்ள சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்களோ நீரை உறிஞ்சிக் கூழாக மாற்றிப் பூட்டிவைப்பதால் தோல் ஓரளவு உலர்ந்திருக்கும். காற்றுப் புகும் வெளியுறை கொண்ட டயப்பர்களில் கேண்டிடா தொற்று குறைவாகவே காணப்பட்டது என்று குழந்தைகளிடம் நடத்தி 2001இல் வெளியான ஆய்வும் உண்டு. அதே டயப்பருக்குள் கூடுதலாகத் துணியையோ மற்றோர் உறிஞ்சும் பட்டையையோ செருகுவதும், அதன்மேல் பிளாஸ்டிக் நிக்கர் போடுவதும் இந்நன்மையை அழித்துவிடுகின்றன.

பணத்தின் பங்கைக் கணக்கிட்டே காட்டலாம். தமிழக அரசின் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஒரு பெரியோர் டயப்பர் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அத்தொகை முழுவதும் மாதத்துக்கு 30 டயப்பர்களுக்குத்தான் காணும். அதாவது நாளொன்றுக்கு ஒன்று. நாளுக்கு நான்கு முறை மாற்றவேண்டுமானால் 4,800 ரூபாய் வேண்டும். டயப்பர் மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே; அதன் பயன் 40 ரூபாய்ப் பொருளில் ஏறக்குறைய இரண்டரை ரூபாய். "அடிக்கடி மாற்றுங்கள்" என்று மருத்துவமனையில் சொல்லப்படும் அறிவுரை, ஓய்வூதியத்தை நம்பிய வீட்டில் நிறைவேற்ற இயலாத கட்டளையாகவே எஞ்சுகிறது. உறையில் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பி, கனத்துத் தொங்கும்வரை ஒரே டயப்பரை விட்டுவைப்பது இதனால்தான். அக்கணக்கோ டயப்பர் கசியாமல் இருக்கும் நேரத்தைக் குறிப்பதே அன்றித் தோல் தாங்கும் நேரத்தைக் குறிப்பதன்று.

இந்த இடத்தில்தான் டயப்பர் இல்லாத நேரம் என்னும் எளிய வழி முதன்மை பெறுகிறது. பகலில் நோயாளி விழித்திருக்கும்போது ரப்பர் ஷீட்டின்மேல் உறிஞ்சும் விரிப்பையோ பலமடிப்புப் பருத்தித் துணியையோ இட்டு, டயப்பரைக் கழற்றி, கால்களைச் சற்று அகற்றி, மின்விசிறிக் காற்றுப் படும்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது ஒரு டயப்பரையும் மிச்சப்படுத்தும், தோலையும் உலர்த்தும். மறைப்புக்கு மேலே ஒரு மெல்லிய வேட்டி போதும். ஆண் நோயாளிக்குச் சிறுநீர் மட்டுமே சிக்கலாயின், ஆணுறை போன்ற உறையைக் குழாயோடும் பையோடும் இணைத்த காண்டம் கதீட்டர், டயப்பரின் தேவையையே குறைக்கும். எனினும் அதனையும் நாள்தோறும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். இருக்கும் டயப்பர்களை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கும் நோய்முறை விடை தருகிறது: மலம் பட்டதை அந்தக் கணமே மாற்ற வேண்டும்; உறிஞ்சும் திறன் மிக்கதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கழுவும் முறையில் மிகையான சுத்தமே தீங்காகிறது. குளியல் சோப்புகள் பெரும்பாலும் காரத்தன்மை உடையவை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சோப்பிட்டுத் தேய்ப்பது, அம்மோனியா செய்யும் வேலையைக் கையாலும் செய்வதாகும். இளஞ்சூட்டு வெந்நீரும் மெல்லிய துணியும் போதும். மலம் ஒட்டியிருந்தால் சிறிது எண்ணெய் தடவி இளக்கித் துடைக்கலாம். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். பின்னர் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மடிப்புகள் உலரும்வரை காத்திருந்தே அடுத்த டயப்பரை மாட்ட வேண்டும். முகப்பவுடர் போடும் பழக்கத்தை விடுவது நல்லது. வியர்வையில் அது கட்டிதட்டி மணலைப் போல் உராயும். அதற்கு மாற்றாகப் பூசப்படும் சோளமாவு பூஞ்சைக்கு உணவாகும் என்ற அச்சத்தை ஜேம்ஸ் லேடன் 1984இல் வெளியிட்ட ஆய்வு மனிதத் தோலில் உறுதிப்படுத்தவில்லை என்றாலும், அது கட்டிதட்டுவது மாறவில்லை.

தென்னை மிகுந்த இம்மண்ணில் தேங்காயெண்ணெயைப் பற்றிப் பேசாமல் இப்பொருளை முடிக்க இயலாது. ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2001இல், காப்ரிக், லாரிக் ஆகிய கொழுப்பமிலங்கள் ஆய்வுக்கூடத்தில் கேண்டிடாவைக் கொல்வதைக் காட்டினர். தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலமே. எனினும் எண்ணெயில் அவ்வமிலம் தனித்து இல்லாமல் கிளிசராலோடு பிணைந்தே இருப்பதால், ஆய்வுக்கூட முடிவை அப்படியே எண்ணெய்க் கிண்ணத்துக்கு மாற்றிவிட முடியாது. புண்ணில்லாத தோலுக்கு மெல்லிய காப்பாக அது பயன்படும். கண்ட தொற்றுக்கு அது மருந்தாகாது. காப்புக்கு மேலும் உறுதியானவை துத்தநாக ஆக்சைடு களிம்பும் பெட்ரோலியம் ஜெல்லியும். இவற்றையும் அப்பிவைத்தால் டயப்பரின் உட்பரப்பில் ஒட்டி அதன் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும் என்பதால், படலமாகத் தடவுவதே முறை.

நீரிழிவைத் தனியே குறிப்பிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் நீரிழிவு உள்ளோர் தமிழகத்தில் 14.4 விழுக்காடும் கேரளத்தில் 25.5 விழுக்காடும் எனக் கண்டறியப்பட்டது. உணவிலும் உறவிலும் இரு மாநிலங்களுக்கும் பாலமாக நிற்கும் இம்மாவட்டத்துக்கு இரண்டு எண்களுமே எச்சரிக்கை. சர்க்கரை கட்டுப்படாதபோது சிறுநீரில் வெளியேறும் குளுக்கோஸ் பூஞ்சைக்கு உணவாகிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரின் வழியே வெளியேற்றுவதையே தம் செயல்முறையாகக் கொண்டவை. பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று அவற்றின் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. காப்புரிமைக் காலம் முடிந்து இம்மருந்துகள் மலிந்துவரும் இந்நாளில், டயப்பர் அணியும் நோயாளி அவற்றை உட்கொள்கிறாரா என்று கேட்பது மருத்துவரின் கடமை. அவர் டயப்பர் அணிகிறார் என்று மருத்துவரிடம் சொல்வது குடும்பத்தின் கடமை. மாத்திரையை வீட்டார் தாமே நிறுத்துவது கூடாது, ஏனெனில் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது தரும் காப்பு சிறிதன்று.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு, இப்பராமரிப்பின் பெருங்கேடு. வீரியமிக்க ஸ்டீராய்டு, பாக்டீரியா மருந்து, பூஞ்சை மருந்து மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கப்படும் இக்களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிடுவதால் நம்பிக்கையைப் பெற்றுவிடுகிறது. உண்மையில் ஸ்டீராய்டு அழற்சியை மறைக்கிறதே ஒழியப் பூஞ்சையைத் தடுப்பதில்லை. மூடிய மடிப்பில் அது பன்மடங்கு உட்புகுந்து தோலை மெலியவைத்து நிரந்தர வரிகளை விட்டுச்செல்கிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு மேற்பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. கடைமுகப்பில் அவ்விதி எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பது வாசகர்கள் அறிந்ததே. ஈஸ்ட் உறுதியானால் குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் மட்டுமே உள்ள களிம்பை மருத்துவர் சொல்லும் நாட்கள்வரை, குணம் தெரிந்த பின்னும் நிறுத்தாமல் தடவுவதே முறை. ஒரு வாரத்தில் குறையாவிட்டாலும், காய்ச்சல் கண்டாலும், தோல் பரவலாக உரிந்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதான கேள்வி, டயப்பர் தேவையா என்பது. சிறுநீர்த் தொற்று, புரோஸ்டேட் வீக்கம், மாலையில் விழுங்கும் நீரிறக்க மாத்திரை, கடும் மலச்சிக்கலின் ஓரமாகக் கசியும் நீர்மலம் ஆகியவை தீர்க்கத்தக்க காரணங்கள். இரண்டு மூன்று மணிக்கொருமுறை கழிப்பிடத்துக்கோ பெட்பேனுக்கோ நினைவூட்டி அழைத்தால் பகலில் டயப்பர் இன்றியே இருக்கக்கூடியவர்கள் பலர். அழைத்துச் செல்ல ஆள் இல்லாததே டயப்பருக்குக் காரணமாக இருக்கும் வீடுகளும், வளைகுடா நாடுகளுக்கும் வெளியூர்களுக்கும் பிள்ளைகளை அனுப்பிய இம்மாவட்டத்தில் உண்டு. ஸ்காட் கிறித்தவக் கல்லூரியையும், 1838இல் தொடங்கிய நெய்யூர் மருத்துவப் பணியையும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியையும் கொண்ட ஊர்களில், படுக்கை நோயாளியைப் புரட்டித் துடைக்கும் வேலை மட்டும் பயிற்சியில்லாத மருமகளிடமோ கூலிக்கு வரும் ஹோம் நர்சிடமோ விடப்பட்டிருப்பது வியப்புக்குரியது.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளோடு நோய் தணிப்புச் சேவையையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. அவ்வருகையின்போது டயப்பர் அணிவோரின் தொடையிடுக்கைத் திறந்து பார்ப்பதையும், ஈர மாதங்களில் உறிஞ்சும் விரிப்பும் துத்தநாகக் களிம்பும் வழங்குவதையும் அதன் நடைமுறையில் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிப்பதன்று. மகன் மட்டுமே துணையாக இருக்கும் தாய், எரிச்சலைச் சொல்லக் கூசிப் பல நாட்கள் பொறுத்துக்கொள்வதுண்டு. அத்தகைய வீடுகளுக்குப் பெண் செவிலியரையே அனுப்ப வேண்டும்.