ஹெட்போனின் இறுக்கம்: அணிவசதிக்கு ஒரு சிறு வரலாறு

ஜெர்மன் மொழியில் ஹெட்போனுக்குக் 'கோப்ஃஹோரர்' என்று பெயர். 'தலைக் கேட்பான்' என்று அதைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'காஸ்க்' என்ற சொல் தலைக்கவசத்தையும் குறிக்கும். தமிழில் ஆக்கப்பட்ட காதொலிப்பான், செவிப்பேசி முதலிய சொற்களோ தலையை விட்டுவிட்டுக் காதைப் பற்றிக்கொண்டன. பயன் காதுக்கு, சுமை தலைக்கு என்பதே இக்கருவியின் இயல்பு. அதன் ஒலித்தரத்தின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. அது தலையில் எப்படி அமர்ந்தது என்னும் வரலாறோ விளம்பரத் தாள்களின் கடைசி வரியிலேயே நின்றுவிட்டது. அணிவசதி என்பது ஒலி அமைந்த பின் ஒட்டப்படும் மெத்தை என்ற எண்ணமே இதற்குக் காரணம். வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடம் தருவதில்லை.

தொடக்கம் இசையில் இல்லை, ஊழியத்தில் இருக்கிறது. 1880களில் அமெரிக்கத் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எஸ்ரா கில்லிலாண்ட் வடிவமைத்த கருவி, பேசும் பகுதியையும் கேட்கும் பகுதியையும் ஊழியரின் தோளில் ஒரு சட்டகமாக ஏற்றி வைத்தது. பல பவுண்டு எடையுள்ள அந்தச் சுமையால் இரு கைகளும் இணைப்புப் பலகைக்கு விடுதலையாயின. நிறுவனத்துக்கு வேண்டியதும் அதுவே. 1895 முதல் இலண்டனில் நாடக அரங்குகளின் நிகழ்ச்சிகளைக் கம்பி வழியே வீட்டுக்குக் கொண்டுவந்த எலக்ட்ரோபோன் சேவையின் சந்தாதாரர்களோ, கேட்பானை முகவாய்க்குக் கீழே ஒரு கைப்பிடியால் பிடித்துக்கொண்டனர். சலித்தால் கீழே வைத்துவிடலாம். கீழே வைக்க இயலாதவர் தோளில் சுமை ஏறியது. இயன்றவருக்குக் கைப்பிடி கிடைத்தது.

எடைதான் பகை என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் பிரெஞ்சுப் பொறியாளர் எர்னெஸ்ட் மெர்காதியே குறிப்பிடத்தக்கவர். 1891இல் அவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற 'இரட்டைத் தொலைபேசி' காதுக்குள் செருகும் வகையைச் சேர்ந்தது. எடை ஒன்றே முக்கால் அவுன்சுக்கும் குறைவு, அதாவது ஏறத்தாழ 50 கிராம். செருகும் முனைகளுக்கு அவர் ரப்பர் உறை இட்டார். அவ்வுறை காதின் வாயில் உராய்வைக் குறைத்தது. வெளி ஓசையையும் தடுத்தது. மென்மையும் அடைப்பும் ஒரே பொருளின் இரு பணிகள் என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்த வடிவமைப்புக்குப் பிறகு, அந்த உணர்வு பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்தது வியப்புக்குரியது.

1910இல் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்டுவின் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு ஹெட்போனை அனுப்பினார். அதன் நுண்ணுணர்வு சோதித்தவர்களை வியக்க வைத்தது. சமையலறையில் வைத்துச் செய்ததால் ஒரு நேரத்தில் பத்துக்கு மேல் தர இயலாது என்று அவர் தெரிவித்ததாகக் கடற்படையின் தொடர்பியல் வரலாறு பதிவு செய்கிறது. தோல் போர்த்திய இரண்டு கம்பிகளை நீட்டவும் குறுக்கவும் கூடியதாக இணைத்த அவரது தலைப்பட்டையே பின்வந்த பல வடிவங்களுக்கு மூதாதை. கப்பலின் வானொலி அறையில் மணிக்கணக்கில் மெல்லிய மோர்ஸ் ஓசையைப் பிரித்தறிய வேண்டியவருக்குப் பட்டை நழுவினால் செய்தி நழுவும். ஆகவே பட்டை இறுக்கமாக இருந்தது.

இறுக்கம் வெறும் பிடிப்பு அன்று. காதின் மீது அமரும் கிண்ணத்துக்கும் தோலுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்சுர ஒலிகள் அதன் வழியே கசிந்துவிடும். இறுக்க விசை என்பது ஒலியியல் அளவுகளுள் ஒன்று. இதற்குச் சிறந்த சான்று இசையுலகில் இல்லை. செவித்திறன் சோதனை அறையில் இருக்கிறது. காதின் மேல் அமரும் சோதனைக் கேட்பான்களுக்கான பன்னாட்டுத் தரநிலைகள் அழுத்து விசையை ஏறத்தாழ 4.5 நியூட்டன் என்று வரையறுக்கின்றன. விசை மாறினால் அளவீடும் மாறும். அதே அழுத்தம் சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, காதுக்குழாயின் குருத்தெலும்பை மடியச் செய்து, இல்லாத கேட்டல் குறையை இருப்பதாகக் காட்டும் என்பதையும் செவியியலாளர் அறிவர். பெர்லினில் ஆய்கன் பையர் 1937இல் வெளிக்கொணர்ந்த டிடி 48 பின்னாளில் இத்தகைய அளவீட்டுப் பணிகளில் நெடுங்காலம் வாழ்ந்தது. அதை இசை கேட்க அணிந்தவர்கள் அதன் பிடியை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

1958இல் மில்வாக்கியில் ஜான் கோஸ் ஸ்டீரியோ ஹெட்போனை இசை ரசிகர்முன் வைத்தபோதும் மூடிய கிண்ணம், கனத்த மெத்தை, இறுகிய பட்டை என்னும் மரபே தொடர்ந்தது. முறிவு வந்தது 1968இல். சென்ஹைசரின் எச்டி 414 பின்புறம் திறந்த ஹெட்போன். காதை அடைத்து மூட வேண்டும் என்ற கட்டாயத்தையே அது கைவிட்டது. காற்று ஊடுருவும் நுரைத்துண்டு காதின் மேல் இலேசாக அமர்ந்தால் போதும் என்னும்படி அதிர்சவ்வை அமைத்தனர். மஞ்சள் நுரை அதன் அடையாளமாயிற்று. இங்கு மெத்தை மென்மையானது ஒரு விளைவு மட்டுமே; மாறியது இறுக்கத்துக்கான காரணம். இவ்வரலாற்றில் பெரிய முன்னேற்றம் எதுவும் பஞ்சைக் கூட்டியதால் வரவில்லை.

1979இல் சோனி வாக்மேனுடன் தந்த ஹெட்போனும் அவ்வழியில் வந்ததே. அக்காலத்து ஹெட்போன்கள் 300 முதல் 400 கிராம் வரை எடையிருக்க, இது ஏறத்தாழ 50 கிராம். மெர்காதியேவின் எடைக்கு உலகம் திரும்பிவர 88 ஆண்டுகள் பிடித்தன.

விமானிகளுக்கோ திறந்த பின்புறம் உதவாது. இயந்திர இரைச்சலை அடைத்தே ஆக வேண்டும். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, இரைச்சலை எதிரலையால் அழிக்கும் கணக்குகளை விமானத்திலேயே எழுதத் தொடங்கினார். 1986இல் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்தில் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிய ஒன்பது நாள் பயணத்தில் அவரது முன்மாதிரிகள் பயன்பட்டன. 1989இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. இரைச்சல் நீக்கம் என்றே இதைப் பேசுகிறோம். அணிவசதியின் பக்கமிருந்து பார்த்தால், தாழ்சுர இரைச்சலைத் தடுக்கும் வேலையின் ஒரு பகுதியைத் தாடையெலும்பிலிருந்து எடுத்து மின்சுற்றிடம் ஒப்படைத்தார்கள் என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு நடந்தது விந்தை. விலை உயர்ந்த ஹெட்போன்களில் எடை திரும்பி வந்தது. அகன்ற மெல்லிய சவ்வைக் காந்த வரிசைகளுக்கு இடையே நிறுத்தும் தளக்காந்த வகை 2009ஐ ஒட்டி மறுமலர்ச்சி பெற்றது. காந்தங்கள் கனமானவை. ஹைஃபைமேன், ஆடிசி ஆகிய நிறுவனங்களின் உயர்நிலைக் கருவிகள் அரைக் கிலோவைத் தொட்டன, சில தாண்டின. கனம் தரத்தின் அறிகுறி என்று வாங்குபவர் நம்பத் தொடங்கியதும் இதற்குத் துணை நின்றது.

அரைக் கிலோ என்பது ஏறத்தாழ 4.9 நியூட்டன். அது முழுவதும் உச்சந்தலையில் 10 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் அழுத்தம் சுமார் 37 மில்லிமீட்டர் பாதரசம்; 40 சதுர சென்டிமீட்டரில் பரவினால் 9 மட்டுமே. நுண்குழாய்களின் குருதி அழுத்தமாக மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சுட்டும் 32ஐ முதல் எண் தாண்டுகிறது. உண்மையில் எடையின் ஒரு பகுதியைக் கன்னத்தில் பதியும் மெத்தைகள் தாங்கும் என்பதால் நிலை இவ்வளவு கொடிதன்று. ஆயினும் ஒரு மணி நேரத்தில் உச்சியில் எரிச்சல் ஏன் எழுகிறது என்பதை இக்கணக்கு விளக்கும். ஏகேஜி கே701இன் தோல்பட்டைக்கு அடியில் புடைத்த மேடுகள் மெத்தை என்ற பெயரில்தான் வைக்கப்பட்டன. தொடுபரப்பைக் குறைத்து அவையே வலிக்கும் புள்ளிகளாயின. அதே நிறுவனத்தின் பழைய கே240 அதற்கு முன்பே சரியான விடையைக் கண்டிருந்தது: மேலே ஒரு வளைவு, கீழே தொட்டில்போல் தொங்கித் தலையின் வடிவத்தை ஏற்கும் ஒரு வார். ஆடிசியும் பின்னர் அத்தகைய தொங்குவாருக்கே வந்துசேர்ந்தது. 1989இல் ஏகேஜி வெளியிட்ட கே1000 இன்னொரு எல்லைக்குச் சென்றது. ஒலிப்பான்கள் காதைத் தொடவே இல்லை, நெற்றிப்பொட்டில் தாங்கிப் பக்கவாட்டில் நின்றன. 2009இன் சென்ஹைசர் எச்டி 800 காதைச் சுற்றிப் பெரிய அறை அமைத்து 330 கிராமில் நின்றது.

மெத்தையின் கதையும் இப்படித்தான். 1966இல் நாசாவுக்காகச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய நினைவு நுரை உடல்வெப்பத்தில் இளகும். மூக்குக்கண்ணாடியின் காம்பைச் சுற்றி அது குழைந்து அமர்வதால் வலியும் குறையும், கசிவும் குறையும். வெல்வெட் போன்ற துணி மெத்தையில் காற்று புகும், வியர்வை குறையும். ஆனால் தாழ்சுரமும் சற்றுக் கசியும். சென்னையிலோ கொல்கத்தாவிலோ செயற்கைத் தோல் மெத்தை சில ஆண்டுகளில் உரிந்து கழுத்தில் கருந்துகள்களாக உதிர்வதைப் பலர் அறிவர். ஈரப்பதம் பாலியூரித்தேனைச் சிதைப்பதே காரணம். மாற்று மெத்தை வேறு தடிப்பில் இருந்தால் காதுக்கும் சவ்வுக்கும் உள்ள தொலைவு மாறி, ஒலியும் வேறாகிவிடும். பல்லாயிரம் ரூபாய்க் கருவியின் ஒலித்தரம் அதன் மிக மலிவான உறுப்பைச் சார்ந்திருக்கிறது.

இத்தனை ஒட்டமும் யாருடைய தலைக்கு? ஒலி அளவீட்டில் பெயர்பெற்ற கேமார் உருவப்பொம்மை 1972இல் மேலைநாட்டு உடல் அளவுகளின் சராசரியைக் கொண்டு வடிக்கப்பட்டது. இந்தியத் தலைகளின் அளவுகளும் இடம்பெற்ற தேபகுமார் சக்கரவர்த்தியின் தொகுப்பை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்டது. தலைப்பாகையோ தடித்த கொண்டையோ எந்தச் சராசரியிலும் அடங்குவதில்லை. மிச்ச வேலையை அணிபவர் கைகளே செய்கின்றன. எச்டி 600, 650 வகைகளின் புதுப்பட்டை இறுக்கத்துக்குப் பெயர்போனது. வாங்கியவர்கள் அதைத் தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கின்மேல் சில இரவுகள் விரித்து வைக்கிறார்கள், அல்லது உலோகக் கையை மெல்ல வெளிப்புறம் வளைக்கிறார்கள். மிகையாக வளைத்தால் மெத்தை தோலைவிட்டு விலகி அடித்தொனி மெலியும்; பிறகு அதே கையால் சிறிது உள்ளே வளைக்க வேண்டியிருக்கும்.