நிறுத்தப்பட்ட மருந்தும் மறைக்கப்பட்ட சொல்லும்

ஒரு மருந்தின் வரலாற்றை எழுதுவோர் அது கண்டுபிடிக்கப்பட்ட நாளைப் பொன்னெழுத்துகளிற் பொறிப்பர். அம்மருந்தை விட்டு நீங்க முயன்ற நோயாளர் பட்ட பாட்டை எழுதுவோர் சிலரே. மனச்சோர்வு நோய்க்கான மருந்துகளின் வரலாற்றை நாம் இங்கு அந்நோயாளரின் பக்கம் நின்று நோக்குவோம்.

1957 இல் சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்ரர்லிங்கன் மனநோய் மருத்துவமனையைச் சேர்ந்த றோலன்ட் கூன், இமிப்பிரமீன் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை உலகுக்கு அறிவித்தார். 1959 அளவிலேயே, அதனைத் திடீரென நிறுத்தியோரிடம் புதிய துன்பங்கள் தோன்றுவதை மருத்துவர் கண்டனர். 1961 இல் அமெரிக்க மருத்துவர் மூவர், குமட்டல், தலைவலி, தலைச்சுற்று, குளிர்நடுக்கம் என அவற்றை வரிசைப்படுத்தி, 'விலகற் குறிகள்' என்றே பெயரிட்டனர். அபினையும் மதுவையும் விட்டோர் படும் துன்பத்துக்கு வழங்கிய பெயரும் அதுவே. ஆகவே, உண்மை தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1987 இல் அமெரிக்காவில் புளுஒக்செற்றின் அனுமதி பெற்றது. அதுவும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் பெரும் வாணிகப் பொருள்களாயின. 1996 இல், அதனை உற்பத்தி செய்த எலி லில்லி நிறுவனத்தின் பொருளுதவியுடன் கூடிய மருத்துவர் குழு, 'நிறுத்தற் குறித்தொகுதி' எனும் பெயரைப் பரப்பியது. அடிமையாதல் பற்றிய அச்சத்தை எழுப்பாத சொல் அது. புளுஒக்செற்றின் உடலிற் பல வாரம் தங்குவதால், அதனை நிறுத்துவோர்க்குத் துன்பம் குறைவு. போட்டி மருந்துகள் பலவற்றுக்கு அவ்வசதி இல்லை. ஆராய்ச்சிக்கும் சந்தைக்கும் உள்ள உறவை விளக்க வேறு சான்றும் வேண்டுமோ?

நோயாளர் வாய்மூடி இருக்கவில்லை. 2002 இல் பரொக்செற்றின் பற்றிய பிபிசி நிகழ்ச்சியைக் கண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தம் அனுபவங்களை எழுதினர். 2003 இல், அம்மருந்து அடிமைப்படுத்தாது என்ற வாசகம் பிரித்தானியாவில் அதன் விளக்கத்தாளிலிருந்து நீக்கப்பட்டது. 2018 இலும் மனநல மருத்துவர் அரச கல்லூரியின் முன்னணியினர், மிகப் பெரும்பாலோர்க்கு இத்துன்பம் இரு வாரங்களில் தீர்ந்துவிடும் என்றனர். எதிர்ப்பு வலுத்தது, 2019 இல் கல்லூரி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

அதே ஆண்டில் மார்க் ஹொறொவிற்ஸும் டேவிட் டெய்லரும் இதன் காரணத்தை விளக்கினர். சிற்றலோப்பிராம் 20 மில்லிகிராம் மூளையில் உரிய இலக்குகளுள் ஏறத்தாழ 80 வீதத்தைப் பற்றுகிறது. 10 ஆகக் குறைத்தாலும் அப்பிடி சிறிதே தளரும். 5 இலிருந்து ஒன்றுமில்லா நிலைக்கு இறங்குவதே பெருவீழ்ச்சி. எனவே அளவு குறையக் குறையப் படிகளும் சிறியனவாதல் வேண்டும். சிலருக்கு இதற்கு மாதங்கள் செல்லும். ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவோர்க்கும் மருத்துவர் வகுக்கும் ஒழுங்கு தேவை. சில மருந்துகளுக்கிடையே வாரக்கணக்கான இடைவெளி இன்றியமையாதது.

மருந்தே வேண்டாமென்பாரோடு நாம் உடன்படோம். 2021 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், ஓராண்டுக்குள் மருந்தைத் தொடர்ந்தோருள் 39 வீதத்தினர்க்கும் நிறுத்தியோருள் 56 வீதத்தினர்க்கும் நோய் மீண்டது. விலகற் துன்பமும் எல்லோர்க்கும் வருவதன்று. நிறுத்துவோருள் ஆறேழு பேருக்கு ஒருவரிடம் மருந்தின் விலகலே அதற்குக் காரணமென 2024 ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு கணித்தது. ஆனால் அந்த ஒருவரின் துன்பத்தை நோய் மீண்டதாகப் பிறழ உணர்ந்து, மீண்டும் மருந்தை விதிப்பது அநீதியாகும்.

நோயாளர் தம் உடலைப் பற்றிச் சொல்வதும் அறிவே. அதனைச் செவிமடுக்க மருத்துவ உலகுக்கு அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. அக்காலத்தின் விலையைச் செலுத்தியோர் நோயாளரே.