மடிப்பிச்சையும் பொன்கட்டியும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் நேர்த்திக்கடன் என்றால் அது கடன்தான். எழுவான்கரையில் மாமாங்கேஸ்வரருக்கு வைத்தாலும், படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு வைத்தாலும், வைகாசியில் குளிர்த்தி காணும் கண்ணகி அம்மனுக்கு வைத்தாலும் வைத்தவரே தீர்க்க வேண்டும். வலையில் மீன் படாத காலத்திலும் வெள்ளாமை பொய்த்த போகத்திலும் வைத்த நேர்த்தியை உடம்பால் தீர்ப்பார்கள். காவடி எடுப்பார்கள், கற்பூரச்சட்டி ஏந்துவார்கள், கதிர்காமத்துக்கு நடந்தே போவார்கள். இவற்றுள் என் மனதை அதிகம் பிடித்து வைத்திருப்பது மடிப்பிச்சை. வீட்டில் நெல்மூட்டை அடுக்கி வைத்திருக்கும் அம்மாவும் அன்று சேலைத் தலைப்பை ஏந்தி அயல்வீட்டு வாசலில் நிற்பார். கிடைத்த அரிசியும் காசும் கோயிலுக்குப் போகும். அவர் கரைக்க வந்தது தன் மிடுக்கை.

கம்பனிகள் தள்ளாடும்போது அவற்றின் தலைவர்கள் கடவுளை நாடுவதை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அதற்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் இந்தியாவின் விஜய் மல்லையா. மற்றவர் யப்பானின் இனமோரி கசுவோ. இருவர் கையிலும் கடனில் மூழ்கிய ஒரு விமானக் கம்பனி இருந்தது. இருவரின் பக்தியும் உலகறிந்தது. இரண்டு கதைகளும் 2012இல் ஒரே பருவத்தில், எதிரெதிர்த் திசையில் முடிவு கண்டன.

இருபத்தேழு வயதில்

மல்லையா 1983இல் தந்தை விட்டல் மல்லையா காலமானபோது யுபி குழுமத்தின் தலைமைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 27. இனமோரி 1959இல் கியோத்தோவில் பீங்கான் தொழில்நுட்பக் கம்பனி ஒன்றைத் தொடங்கியபோது அவருக்கும் வயது 27. பின்னாளில் கியோசெரா என்று பெயர்பெற்றது அந்தக் கம்பனிதான். ஒருவருக்குக் கிடைத்தது பரம்பரைச் சொத்து, மற்றவருக்குக் கையளவு தொழிலாளர்கள்.

நெருக்கடி வந்த பிறகு இருவருக்கும் பக்தி முளைக்கவில்லை, முன்பே இருந்தது. மல்லையா 1998இல் சபரிமலைக் கருவறைக்கு 30 கிலோவுக்கும் மேற்பட்ட பொன்னால் கவசம் போட்டார். 2005இல் கிங்ஃபிஷர் விமான சேவையைத் தொடங்கிய பின், புதிதாக வந்த விமானங்களைத் வேங்கடவனின் அருள் வேண்டித் திருமலை வானில் பறக்கவிட்டதாகச் செய்திகள் வந்தன.

இனமோரி சிறுவயதில் காசநோயில் விழுந்து, படுக்கையிலேயே சமய நூல் படித்தவர். 1961இல் அவருடைய கம்பனியின் இளந்தொழிலாளர் 11 பேர், சம்பள உயர்வுக்கும் எதிர்காலத்துக்கும் உறுதி கேட்டு எதிரே வந்து நின்றார்கள். மூன்று நாள் இரவு பகலாகப் பேசிய பிறகு, தொழிலாளரின் பொருள் நலமும் மன நலமுமே கம்பனியின் முதல் நோக்கம் என்று எழுதி வைத்தார். 1997இல், 65ஆவது வயதில், தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, இரைப்பைப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் கியோத்தோ அருகே என்புகுஜி என்ற ஜென் மடத்தில் தீட்சை பெற்றார். தலை மழித்து, வைக்கோல் செருப்பணிந்து, வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். ஒருநாள் பூங்காவைக் கூட்டிக்கொண்டிருந்த வயதான பெண் ஒருவர் 500 யென் நாணயத்தை அவர் பையில் இட்டதையும், அந்தக் கணத்தில் தம் உடல் முழுவதும் நிறைந்த ஆனந்தத்தையும் அவரே எழுதியிருக்கிறார். யப்பானியர் அதைத் தகுஹட்சு என்கிறார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு அது மடிப்பிச்சை.

2012 என்ற ஆண்டு

கிங்ஃபிஷர் ஓர் ஆண்டுகூட இலாபம் காணவில்லை. எயார் டெக்கானை வாங்கிய சுமையும் எரிபொருள் விலையேற்றமும் சேர்ந்து அழுத்தின. 2012இல் மாதக்கணக்கில் சம்பளம் நின்றது. ஒக்டோபரில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கணவருக்குச் சம்பளம் வராத துயரில் டெல்லியில் ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அம்மாதம் 20ஆம் திகதி விமான சேவை உரிமம் இடைநிறுத்தப்பட்டது. வங்கிகளுக்குரிய கடன் 7,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. டிசெம்பர் 18இல் மல்லையாவுக்கு 57ஆவது பிறந்தநாள். அதையொட்டித் திருமலையில் 3 கிலோ பொன் காணிக்கை செலுத்தினார். அன்றைய விலையில் அது ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய்.

யப்பான் எயார்லைன்ஸ் 2010 ஜனவரி 19இல் 2.3 இலட்சம் கோடி யென் கடனோடு நொடிந்தது. அரசின் வேண்டுகோளை ஏற்று, 78 வயது இனமோரி பெப்ரவரி 1இல் தலைவரானார். விமானத் தொழிலில் அவருக்கு அனுபவம் இல்லை. சம்பளம் வேண்டாம் என்றார். உயர் அதிகாரிகளை உட்காரவைத்து முதலில் நடத்திய பாடம் கணக்கு அல்ல. மனிதராக எது சரி என்று கேட்டுப் பழகச் சொன்னார். 40 கூறுகள் கொண்ட கையேடு ஒன்று ஒவ்வொரு தொழிலாளர் கைக்கும் போனது. நிறுவனத்தைச் சிறுசிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் வரவு செலவைத் தானே பார்க்கும் முறையையும் கொண்டுவந்தார். 2012 செப்டெம்பர் 19இல் அந்தக் கம்பனி தோக்கியோப் பங்குச்சந்தைக்குத் திரும்பியது. கிங்ஃபிஷர் தரையிறங்கியது அதற்கு அடுத்த மாதம்.

தராசின் இரு தட்டு

பக்தி வென்றது, பகட்டுத் தோற்றது என்று இதை எளிதாக முடித்துவிட எனக்கு மனமில்லை. யப்பான் எயார்லைன்ஸுக்கு அரசு ஆதரவு நிதியம் 35,000 கோடி யென் கொடுத்தது. வங்கிகள் 50,000 கோடி யென்னுக்கும் மேல் கைவிட்டன. கிங்ஃபிஷருக்கு அப்படியொரு கை நீளவில்லை. யப்பான் எயார்லைன்ஸ் மீட்சியின் விலையாக ஏறத்தாழ 16,000 பேர் வேலை இழந்தார்கள். 2010 டிசெம்பர் 31இல் விமானிகளும் பணிப்பெண்களுமாக 165 பேர் கட்டாயமாக நீக்கப்பட்டு, நீதிமன்றம் ஏறினார்கள். தொழிலாளர் நலமே முதல் என்று எழுதிவைத்தவரின் கணக்கில் அந்த 165 பேரும் வரவேண்டும்.

மல்லையா பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சட்டப்படி கம்பனியின் கடன் வேறு, தலைவரின் பணம் வேறு. கடனைத் தீர்க்க முன்வந்ததாகவும், வங்கிகள் கேட்டதற்கும் மேலே எடுத்துக்கொண்டதாகவும் அவர் சொல்லி வருகிறார். ஆனால் அவர் வங்கிகளுக்குத் தனிப்பட்ட முறையிலும் பிணை நின்றிருந்தார். 2016 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் போனார். 2019 ஜனவரியில் தலைமறைவான பொருளாதாரக் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தது.

இது இந்து, பௌத்தம் என்ற வேறுபாடும் அல்ல. திருப்பதிக் கதையிலேயே வேங்கடவன் கடன்காரர். தம் கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய பொன்னுக்கு இன்றும் வட்டி கட்டுகிறார் என்பது அடியார் நம்பிக்கை. வாங்கியதை யுகம் கடந்தும் திருப்பிக் கொடுக்கும் தெய்வம் அது. புரட்டாசியில் மடிப்பிச்சை எடுத்து, அந்தக் காசோடு அவரிடம் போகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஆக இனமோரி ஏந்திய பிச்சைப் பை திருமலை வழியிலும் இருக்கிறது. அதே சந்நிதிக்கு ஒருவர் பொன்கட்டியோடு போகிறார், இன்னொருவர் அயலார் இட்ட அரிசியோடு போகிறார்.

இருவரையும் பிரிப்பது நேர்த்தியின் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதுதான். மல்லையாவின் உள்ளத்தில் இருந்த பக்தியை எடைபோட எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பொன் சந்நிதியில் வைக்கப்பட்ட நாளில் அவருடைய விமானிகளும் பொறியியலாளரும் நிலுவைச் சம்பளத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பும் காணிக்கையோடு சேர்ந்தே சந்நிதிக்குப் போயிற்று. இனமோரியின் நம்பிக்கை அவரிடமிருந்து சம்பளத்தையும் முதுமையின் ஓய்வையும் எடுத்துக்கொண்டது. அவரிடமும் குறை உண்டு. ஆனால் பாரத்தில் ஒரு பங்கு அவர் தோளில் இருந்தது.

சைவருக்கு இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அடியார்களுக்கு அமுதிட, அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாளுக்கொரு பொற்காசு வைத்தார். அப்பரின் காசு கடைவீதியில் உடனே செல்லுபடியானது. சம்பந்தரின் காசுக்கு வட்டம் கழித்தார்கள், அவர் மடத்தில் உணவும் தாமதமானது. உழவாரம் பிடித்து உடம்பால் தொண்டு செய்தவர் அப்பர் என்பதே அதற்குக் காரணம் என்கிறது பெரியபுராணம். அந்தக் காசு சந்நிதியில் கிடைத்தது. அதன் மாற்றை உரைத்துப் பார்த்ததோ கடைவீதி. பசித்தவருக்கு எவ்வளவு விரைவில் அரிசியானது என்பதே அதற்கு உரைகல். சம்பள நாள் தவறிய ஒரு கம்பனியின் தலைவர் கோயிலுக்குப் புறப்படும் முன் நிற்க வேண்டிய வாசலையும் அந்தக் கதையே காட்டுகிறது. அது அவருடைய தொழிலாளியின் வீட்டு வாசல்.