கட்டளைகளுக்குக் காசு கொடுத்த காலம்

1964 மே மாதம் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியை முதன்முதலில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு பெரிய கணினியை மாணவர்கள் பலர் பகிர்ந்துகொள்ள உருவான மொழி அது. முப்பது வருடம் போவதற்குள், 18 கால் உள்ள ஒரு சிப்புக்குள் போய் உட்கார்ந்து ரிலேக்களைத் தட்டிக்கொண்டிருந்தது.

அதைத் தொடங்கிவைத்தது கலிபோர்னியாவின் பேரலாக்ஸ் நிறுவனம் 1992-ல் கொண்டுவந்த பேசிக் ஸ்டாம்ப். உள்ளே இருந்தது பிக் என்ற வகை மைக்ரோகன்ட்ரோலர் சிப்; அதில் இன்டர்ப்ரெட்டர். நாம் எழுதும் புரோகிராம் பக்கத்திலிருக்கும் 256 பைட் ஈப்ராமில் சுருக்கக் குறிகளாகப் பதியும். இன்டர்ப்ரெட்டர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து நிறைவேற்றும். நொடிக்கு ஏறத்தாழ 2,000 கட்டளை. அடுத்து வந்த ஸ்டாம்ப் 2-ல் அது 4,000 ஆனது. எல்இடி மினுக்கவும் மோட்டாரை நிறுத்தவும் இது தாராளம். ஆனால் ஸ்டாம்ப் 2-ன் விலை 49 டாலர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறை எண்ணி ஐசி வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பத்திரிகையில் பார்க்கிற பொருள்.

வெறும் சிப்பில் அதே பேசிக்கை ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு மைக்ரோ இன்ஜினியரிங் லேப்ஸ் தந்த பதில் பிக்பேசிக் கம்பைலர். ஸ்டாம்ப்பின் கட்டளைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, பிக் சிப் நேரடியாக ஓட்டும் எந்திரக் குறிகளாக மாற்றியது. 4 மெகாஹெர்ட்ஸ் பிக் நொடிக்குப் பத்து லட்சம் குறிகளை ஓட்டும். இடையில் நின்று படித்துச் சொல்ல ஆள் இல்லாததால் வேகம் எங்கேயோ போய்விட்டது. சாதாரணப் பதிப்பு சுமார் 100 டாலர், புரோ 250.

அத்தனை பணத்துக்கு என்ன கிடைத்தது? மொழி என்று நான் சொல்லமாட்டேன். 16 எழுத்து எல்சிடியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்ததும் 15 மில்லிநொடி காத்திருக்க வேண்டும், 3 என்ற எண்ணை அனுப்ப வேண்டும், 4.1 மில்லிநொடி பொறுத்து மறுபடி 3. 100 மைக்ரோநொடி விட்டு இன்னொரு 3. அதன்பின் 2 அனுப்பினால்தான் நான்கு கம்பியில் பேச ஒப்புக்கொள்ளும். அசெம்ப்ளியில் இதை எழுதியவனுக்கு அந்த வேதனை தெரியும். புரோவில் ‘எல்சிடிஅவுட்’ என்று ஒரே வரி. டேட்டாஷீட்டை நமக்காக இன்னொருவர் படித்து முடித்திருக்கிறார், அதற்குத்தான் கூலி.

சிப்பின் குணமும் கம்பைலரின் விலையில் ஒளிந்திருந்தது. பழைய பிக்கில் ஸ்டாக் எட்டே படி, அதில் பாதியைக் கம்பைலர் தனக்கு வைத்துக்கொள்ளும்; கோசப்புக்குள் கோசப் என்று நான்கைத் தாண்டினால் புரோகிராம் திரும்பும் வழியைத் தொலைத்துவிடும். நினைவகமும் 2கே பக்கங்களாக வெட்டுண்டது. சாதாரணப் பதிப்பு முதல் பக்கத்தோடு நின்றுவிடும், புரோதான் பக்கம் தாண்டும். 16எஃப்84 பிக்கில் இருப்பதே 1,024 சொல் என்பதால் அதை வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

நெதர்லாந்தின் மார்க் ஆல்பர்ட்ஸ் எழுதிய பாஸ்காம்-ஏவிஆரில்தான் எனக்கு மனம் ஒட்டியது. இலவச டெமோ 4கே வரை கம்பைல் செய்யும். ஏவிஆர் வகை 2313 சிப்பில் மொத்த ஃபிளாஷே 2கே! அந்தச் சிப்போடு நின்றுகொள்ளத் தெரிந்தவனுக்கு டெமோவே முழுப் பதிப்பு. பிரிண்டர் போர்ட்டிலிருந்து சில ரெசிஸ்டர் போட்ட கேபிள் ஒன்று, அதுதான் புரோகிராமர். எங்கள் ஊர்க் கல்லூரிப் பையன்கள் மட்டும் 89சி51, 16எஃப்877ஏ சிப்களை விட்டு அசையவில்லை. அண்ணன்மார் விட்டுப்போன புராஜெக்ட் ரிப்போர்ட் அவற்றுக்குத்தானே இருந்தது.

பேசிக்கில் எழுதும் இன்னொரு சிப்பான இங்கிலாந்தின் பிக்காக்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. அதில் புரோகிராம் ஏற்ற சீரியல் கேபிளும் இரண்டு ரெசிஸ்டரும் போதும். பெல்கிரேடிலிருந்து மைக்ரோபேசிக் வந்தது, 2கே டெமோவோடு. 2005-ல் இத்தாலியின் இவ்ரியாவில் ஆர்டுயினோ பிறந்தபின், காசுக்கு விற்ற எல்சிடி வரிகள் லைப்ரரியாக இலவசமாகவே கிடைத்தன. அதோடு விற்பனைக் கம்பைலர்களின் பிடி தளர்ந்தது, நியாயம்தான். பேசிக்கை விடாதவர்களுக்கு இப்போது, முன்பு கிரேட் கௌ பேசிக் என்றிருந்த ஜிசிபேசிக் இருக்கிறது: இலவசம், மூலநிரலும் திறந்தது, பிக், ஏவிஆர் இரண்டுக்கும் எழுதலாம். அது உருவாக்கும் அசெம்ப்ளிக் கோப்பைத் திறந்து பார்த்தால் எல்சிடிக்கு அனுப்பும் அந்த மூன்று 3-களும் எங்கே போகின்றன என்று வரிவரியாகத் தேடிப் படிக்கலாம். பழைய கம்பைலர்களில் நான் மிகவும் விரும்பிச் செய்த வேலையும் அதுவே.