கோட்டில் விடுபட்ட மாதங்கள்



கோட்டுக் குறிவரைவை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்றுக்கொள்கின்றனர். கிடையச்சில் மாதம், நிலையச்சில் மழையளவு. புள்ளிகளை வைத்து அடிமட்டத்தால் இணைத்தால் கோடு பிறந்துவிடும். ஒரு மாதத்தின் அளவு தெரியாவிட்டால் என்ன செய்வது என்னும் வினா அங்கே எழுவதில்லை. பாடநூல் கணக்கில் எல்லா மாதங்களும் கொடுக்கப்பட்டிருக்கும். பருவநிலை மாற்றத்தையும் எரிபொருள் பயன்பாட்டின் விளைவையும் எண்ணாலும் படத்தாலும் மக்களுக்கு எடுத்துரைத்த வரலாற்றிலோ அந்த வினாவே மீண்டும் மீண்டும் குறுக்கிடுகிறது. அது குறுக்கிட்ட சில இடங்களைப் பற்றியதே இவ்வுரை.

1938-இல் காய் ஸ்டூவர்ட் காலண்டர் என்னும் ஆங்கிலேய நீராவிப் பொறியாளர், உலகெங்கும் பரவிய 147 வானிலை நிலையங்களின் வெப்பப் பதிவுகளைத் திரட்டிக் கணக்கிட்டார். பூமி சூடாகி வருகிறது என்றும், நிலக்கரி முதலியவற்றை எரிப்பதால் கூடும் கரியமிலவாயுவுக்கு அதில் பங்குண்டு என்றும் அவர் வாதிட்டார். கேட்ட அறிஞர் பலர் ஐயுற்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. காற்றில் கரியமிலவாயு எவ்வளவு உள்ளது என்பதற்கே நம்பத்தக்க தொடர் அளவீடு அன்று இல்லை.

அக்குறையைப் போக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங். அனைத்துலகப் புவிஇயற்பியல் ஆண்டையொட்டி, 1958 மார்ச்சில், ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் அவருடைய அளவீடு தொடங்கியது. ஆலையோ காடோ அண்மையில் இல்லாத இடம். பெருங்கடலைக் கடந்து வரும் காற்று. அகச்சிவப்புக் கதிரைக் காற்று எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக்கொண்டு கரியமிலவாயுவின் அளவை அறியும் கருவி அங்கே வைக்கப்பட்டது. அதனோடு இணைந்த எழுதுகோல், நகரும் காகிதச் சுருளில் இரவு பகலாகக் கோடிழுத்தது. முதல் அளவு, பத்து இலட்சம் பங்கு காற்றில் 313 பங்கு.

மே மாதம் வரை எண் ஏறியது. பின்னர் மின்சாரம் தடைப்பட்டுக் கருவி நின்றது. மீண்டும் இயங்கியபோது அளவு இறங்கியிருந்தது. எண்கள் ஒழுங்கின்றி அலைகின்றனவோ என்று கீலிங் கவலையுற்றார். மறு ஆண்டும் அதே ஏற்றமும் இறக்கமும் வந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. வட அரைக்கோளத்துச் செடிகொடிகள் கோடையில் தழைக்கும்போது வாயுவை உள்ளிழுக்கின்றன. இலையுதிர்ந்து மக்கும் காலத்தில் அது மீண்டும் காற்றில் கலக்கிறது. அந்த ஏற்றவிறக்கத்துக்கு அடியில், ஆண்டுதோறும் சற்றே உயர்ந்துசெல்லும் போக்கு ஒன்று இருந்தது. 1960-இல் வெளிவந்த தம் கட்டுரையில் கீலிங் அதைச் சுட்டினார். 2013 மே மாதத்தில் அங்கு ஒருநாள் சராசரி முதன்முறையாக 400-ஐத் தாண்டியது. 2024-இன் ஆண்டுச் சராசரி 424-ஐயும் கடந்துவிட்டது.

இங்கே மாணவர்களுக்கு ஒரு செய்தி. நாளிதழ்களில் இக்கோடு அச்சாகும்போது நிலையச்சு பெரும்பாலும் சுழியத்தில் தொடங்குவதில்லை. 310-ஐ ஒட்டித் தொடங்கும். இது கண்ணை ஏமாற்றும் வேலை என்பார் உளர். பட்டைக் குறிவரைவாயின் அவர்கள் சொல்வது சரி. அங்கே பட்டையின் நீளமே அளவு, அடியை வெட்டினால் அது பொய்யாகிவிடும். கோட்டுக்கு அந்த விதி பொருந்தாது. கீலிங்கின் கோட்டைச் சுழியத்திலிருந்து வரைந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட உயர்வு கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும்; ஆண்டுக்குள் நிகழும் ஆறு பங்கு ஏற்றவிறக்கமே தெரியாமல் போகும். அச்சில் எண்கள் தெளிவாக இருக்குமானால், 310-இல் தொடங்குவதை நான் குற்றமாகக் கொள்ளேன்.

1964-இல் அரசு நிதி குறைக்கப்பட்டதால் மௌனா லோவா அளவீடு சில மாதங்கள் நின்றுபோயிற்று. கோடு அறுந்தது. முன்னும் பின்னும் உள்ள போக்கைக்கொண்டு அந்த மாதங்களின் அளவை ஊகிப்பது எளிது. ஆய்வாளர் ஊகித்தும் இருக்கின்றனர். ஆனால், ஊகித்த எண்ணை அளந்த எண்ணோடு கலக்கவில்லை. இரண்டும் தனித்தனி நிரலில் உள்ளன.

எல்லாரும் அவ்வாறு செய்துவிடவில்லை. 1999-ஆம் ஆண்டின் பருவநிலை குறித்து உலக வானிலை அமைப்பு வெளியிட்ட அறிக்கையின் அட்டையில், கடந்த ஆயிரம் ஆண்டு வெப்பநிலையைக் காட்டும் மூன்று கோடுகள் இருந்தன. வெப்பமானி இல்லாத நூற்றாண்டுகளின் வெப்பத்தை மரவளையங்கள் முதலிய சான்றுகளைக்கொண்டு கணித்திருந்தனர். அவற்றுள் ஒரு தொகுதி மரவளையங்கள் 1960-க்குப் பின் வெப்பமானியோடு ஒத்துப்போகவில்லை. உண்மையில் சூடு ஏற, அவை இறக்கத்தைக் காட்டின. அந்தப் பகுதியை நீக்கி, வெப்பமானியின் எண்களை இணைத்துக் கோட்டை முடித்தனர். இணைப்பு எங்கே என்று அட்டை சொல்லவில்லை. 2009-இல் ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபோது இது பெரும் புயலாயிற்று. 2010-இல் முடிந்த தனி விசாரணை, அறிஞர்களின் நேர்மையை ஐயுற இடமில்லை என்றது; அந்தப் படம் மட்டும் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது என்றது. பூமி சூடாவது பொய்யாகிவிடவில்லை. எனினும், விளக்கம் தராத ஓர் ஒட்டுக்காக, அறிவியலுலகம் செலுத்திய விலை சிறிதன்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1997-இன் புகைமூட்டத்தை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் களிமந்தானிலும் செம்பனைத் தோட்டங்களுக்காகவும் பிற பயிர்களுக்காகவும் நிலத்தைத் திருத்த மூட்டிய தீ, எல் நினோ வறட்சியில் சதுப்புக் காடுகளுக்குப் பரவியது. அக்காடுகளின் அடியில், பல்லாயிரம் ஆண்டுகளாக முற்றும் மக்காமல் படிந்துகிடந்த தாவர மண் புகைந்து எரிந்தது. செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது அதன் வரையறை. அதன் பின்னர், மலேசியாவில் அக்குறியீட்டின் எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிடுவது பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டது. சுற்றுப்பயணிகள் அஞ்சிவிடுவர் என்பது சொல்லப்பட்ட காரணம். கருவிகள் நிற்கவில்லை, அளவு மட்டும் மக்களுக்குத் தெரியாது. மூச்சிரைப்பு உள்ள பிள்ளையை இன்று திடலுக்கு அனுப்பலாமா என்பதை ஓர் ஆசிரியர் சன்னலுக்கு வெளியே பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்ட அந்த நாள்களில்தான் எண்கள் மீண்டும் வெளிவந்தன.

வெளியிட்டுவிட்டால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. 2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் குறியீடு 401-ஐ எட்டியது. அது மூன்று மணிநேரச் சராசரி. அதே பொழுதின் 24 மணிநேரச் சராசரியோ வெகுவாகக் குறைந்திருந்தது. எந்த எண்ணைப் பார்த்து முகக்கவசம் அணிவது என்று மக்கள் குழம்பினர். இரண்டும் உண்மையான எண்களே.

1997-இல் எரிந்த அந்தக் காடுகளின் கணக்கு வேறோர் இடத்தில் எழுதப்பட்டுவந்தது. அவ்வாண்டு இந்தோனேசியத் தீயால் காற்றில் கலந்த கரிமம், உலகம் முழுதும் ஓராண்டில் எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து வெளிவந்ததில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு அகன்ற இடைவெளியோடு ஒரு மதிப்பீட்டை வெளியிடுவதற்கும் துணிவு வேண்டும்! மௌனா லோவாவில் 1998-இன் உயர்வு, அதுவரை பதிவான எந்த ஆண்டின் உயர்வையும் விஞ்சியது. எல் நினோ ஆண்டுகளில் வெப்பமண்டலக் காடுகள் வழக்கம்போல் வாயுவை உள்ளிழுப்பதில்லை. அதுவும் இதற்குக் காரணம். நம் புகையும் அந்த ஏற்றத்தில் இருக்கிறது.

வகுப்பறையில் இதைக் கையாள விரும்பும் ஆசிரியர்கள், ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் வெளியிட்டுவரும் மாத அட்டவணையை எடுத்து, மாணவரைக்கொண்டு கையாலேயே வரையச் செய்யலாம். 1998-க்கு வரும்போது கோடு செங்குத்தாக எழுவதை அவர்கள் விரல் உணரும். அதற்கு வெகுமுன்பே 1964-ஐ அவர்கள் கடக்க வேண்டியிருக்கும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றுக்கும் நேரே -99.99 என்றிருக்கும். இது என்ன எண் என்று யாரேனும் ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார்.