கிரிச்செல் டவுன் விதிகள்

கட்டாயமாகக் கையகப்படுத்திய நிலம் அரசுக்கு இனித் தேவையில்லை என்றானால், அதைச் சந்தைக்குக் கொண்டுபோகுமுன் பழைய உரிமையாளரிடமோ அவருடைய வாரிசிடமோ வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் உபரி அரசு நிலத்தின் விற்பனையை நெறிப்படுத்தும் இந்த நடைமுறைக்குக் கிரிச்செல் டவுன் விதிகள் என்று பெயர்.

கிரிச்செல் டவுன் டார்செட் பகுதியிலுள்ள மேட்டுநிலம். 1938இல் பிரிட்டிஷ் விமானத்துறை அமைச்சகம் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அங்கே 725 ஏக்கரை 12,006 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. அதில் கணிசமான பகுதி ஆலிங்டன் பிரபுவுடையது. அவர் 1940இல் போர்ப்பணியில் இறந்தார். பயிற்சி முடிந்த பின் நிலம் உழவருக்குத் திரும்பவில்லை, வேளாண் அமைச்சகத்துக்குக் கைமாறியது. துண்டாடாமல் ஒரே பண்ணையாகக் குத்தகைக்கு விடுவது அமைச்சகத்தின் திட்டம். பிரபுவின் மருமகனும் முன்னாள் கடற்படை அதிகாரியுமான ஜார்ஜ் மார்ட்டன் நிலத்தை விலைக்குத் திருப்பிக் கேட்டார்; மறுத்துவிட்டார்கள். குத்தகை கேட்க வாய்ப்புத் தருவதாக அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிட்டு, அதற்குள் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள் அதிகாரிகள்.

மார்ட்டன் விடவில்லை. வழக்கறிஞர் சர் ஆண்ட்ரூ கிளார்க் நடத்திய பொது விசாரணையில் லஞ்சம் எதுவும் வெளிப்படவில்லை. அதிகாரிகளின் பாரபட்சமும் மறைப்பும் வெளிப்பட்டன. 1954 ஜூலை 20 அன்று வேளாண் அமைச்சர் சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். துணை அமைச்சர் காரிங்டன் பிரபு கொடுத்த விலகல் ஏற்கப்படவில்லை. அரசியல் நூல்கள் இந்த விவகாரத்தை அதிகாரிகளின் தவறுக்கு அமைச்சர் பொறுப்பேற்பதற்கு எடுத்துக்காட்டாகவே பேசுகின்றன. நிலத்தைத் திருப்பித் தராத அமைச்சகக் கொள்கையை டக்டேலே அறிந்து ஆதரித்தவர் என்பதால் அந்தப் புகழ் சற்று மிகை. நிலம் இழந்தவர்களுக்கு இந்த விவகாரத்தால் கிடைத்தது இந்த விதிகள்தான்.

அவையும் சட்டமல்ல, அரசின் வழிகாட்டுதல் மட்டுமே. இன்றைய நடைமுறையில், விருப்பம் தெரிவிக்க இரண்டு மாதம், நிபந்தனைகளைப் பேசி முடிக்க மேலும் இரண்டு மாதம், விலையை முடிவுசெய்ய ஆறு வாரம் என அவகாசம் உண்டு. நிலத்தின் தன்மை பெரிதும் மாறியிருந்தால் விதி பொருந்தாது. 1935க்கு முன் எடுத்த விவசாய நிலத்துக்கும், எடுத்து 25 ஆண்டு கடந்தபின் உபரியான விவசாயமல்லாத நிலத்துக்கும் விலக்கு. எல்லாவற்றையும்விடக் கனமானது விலை: பழைய உரிமையாளர் தர வேண்டியது, அன்று தான் வாங்கிய தொகையை அல்ல, இன்றைய சந்தை மதிப்பை.